ஒரு நாடு வெளியுலகில் தன் பெயரை ஏன் மாற்றச் சொல்கிறது?

நீங்கள் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள்: துருக்கி, ஸ்வாசிலாந்து போன்ற நாடுகள் வெளியுலகில் வழங்கும் தம் பெயரை ஏன் மாற்றுகின்றன, அதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும், இந்தியாவும் இதே வழியில் 'பாரத்' ஆக முடியுமா என்பவை. இவற்றுக்கு அடியில் இருக்கும் ஐயம் வேறொன்று என்று எனக்குப் படுகிறது. அந்த மக்கள் தங்கள் மொழியில் தங்கள் நாட்டை நெடுங்காலமாக ஒரே பெயரால்தான் அழைத்து வருகிறார்கள்; அப்படியிருக்க, பிறர் வாயில் வழங்கும் பெயரைப் பற்றி ஒரு நாள் திடீரென்று கவலைப்படத் தொடங்குவது ஏன்? ஆண்டேடுகளுக்கும் நிலப்பட நூல்களுக்கும் நாட்டுப் பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்க்கும் பதிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். பன்னாட்டுச் சட்டம் என் துறை அன்று. ஆகவே எது நடந்தது, எப்படி நடந்தது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏன் நடந்தது என்பதில் ஆவணங்கள் எவ்வளவு தூரம் வருகின்றனவோ அவ்வளவு தூரம்தான் நானும் வர முடியும்.

உள்ளூர்ப் பெயரும் வெளியூர்ப் பெயரும் வேறுபட்டிருப்பதே மாற்றத்துக்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது போதுமான காரணம் அன்று. ஜெர்மனியை அதன் மக்கள் டாய்ச்லாந்து என்கிறார்கள்; பிரெஞ்சுக்காரர்கள் அல்மாஞ் என்கிறார்கள்; போலந்துக்காரர்கள் அதற்குச் சற்றும் தொடர்பில்லாத நியெம்ட்சி என்ற பெயரால் அழைக்கிறார்கள். தம் மொழியில் பின்லாந்து சுவோமி; ஆர்மீனியா ஹயஸ்தான்; எகிப்து மிஸ்ர்; ஜப்பான் நிஹோன். இவற்றில் எந்த நாடும் உலகத்திடம் மனுக் கொடுக்கவில்லை. அயலார் வைத்த பெயரோடு நூற்றாண்டுகளாக நிம்மதியாக இருக்கும் நாடுகளே உலகில் மிகுதி. அப்படியானால், அந்த வேறுபாட்டை ஒரு குறையாக எழுப்புவதில் யாருக்கோ, ஏதோ ஒரு வேளையில், ஒரு பயன் இருந்தாக வேண்டும். கேட்டவர் யார், கேட்ட ஆண்டு எது, எந்த மொழிகளில் மாற்றச் சொன்னார் என்ற மூன்றையும் பார்த்தால், அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே விளங்கும்.

நாடே புதுப் பெயர் சூடிக்கொள்ளும் நிகழ்வுகளை இங்கே ஒதுக்கி வைக்கலாம். 1984இல் தாமஸ் சங்காராவின் ஆட்சி மேல் வோல்ட்டாவைப் புர்கினா பாசோ ஆக்கியதும், 1971இல் மொபுட்டு காங்கோவை ஜயர் ஆக்கியதும், 1997இல் அது மீண்டும் காங்கோ ஆனதும் உள்ளேயும் வெளியேயும் ஒருசேர நடந்தவை. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற பெயரை அகற்றுவதும், புதிய ஆட்சி தன் வருகையை அறிவிப்பதும் அவற்றின் நோக்கம். அதில் புதிர் ஏதுமில்லை. உங்கள் கேள்விக்கு உரியவை, உள்ளே எதுவும் மாறாமல் வெளியார் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்ட நாடுகள்.

அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது ஈரான். 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம், நவ்ரூஸ் புத்தாண்டிலிருந்து, 'பெர்சியா' என்ற பெயரை விட்டுவிட்டு 'ஈரான்' என்றே கடிதங்களில் எழுதுமாறு மன்னர் ரேசா ஷாவின் அரசு அயல்நாட்டுத் தூதரகங்களைக் கேட்டுக்கொண்டது. உள்நாட்டில் இது புதுப் பெயரே அன்று, பொ.ஆ. 3ஆம் நூற்றாண்டுச் சாசானியக் கல்வெட்டுகளிலேயே ஈரான் இருக்கிறது. பெர்சியா என்பது தெற்கே உள்ள பார்ஸ் என்ற ஒரு மாகாணத்தின் பெயர். கிரேக்கர்கள் அதை முழு நாட்டுக்கும் ஏற்றிவிட்டார்கள், தமிழில் நாம் வழங்கும் பாரசீகமும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். இவ்வளவும் உறுதி. இந்த யோசனை பெர்லினில் இருந்த ஈரானியத் தூதரகத்திலிருந்து கிளம்பியது, 'ஆரியர்' என்ற சொல்லோடு ஈரானுக்கு உள்ள உறவை அன்றைய ஜெர்மானியர்கள் ஊக்குவித்தார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுவதை நான் அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். காலச்சூழலுக்கு அது பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிறுவப்பட்டது வேறு. ரேசா ஷா ஆட்சிக்கு வந்தது முதல் அயல்நாட்டாரின் தனி நீதிச் சலுகைகளை 1928இல் நீக்கியது வரை, வெளியார் தன்னை நடத்தும் முறையை மாற்றுவதிலேயே குறியாக இருந்தார் என்பதை வைத்துப் பார்த்தால், பெர்லின் கதை இல்லாமலேயே இந்தக் கோரிக்கை விளங்கிவிடுகிறது.

அந்தக் கோரிக்கை எவ்வளவு விரைவாக வேலை செய்தது என்பதற்கு ஒரு சான்று: அங்கே எண்ணெய் எடுத்துவந்த ஆங்கிலோ-பெர்சிய எண்ணெய்க் கம்பெனி அதே 1935இல் ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய்க் கம்பெனி ஆனது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று அறியப்பட்டது அதுதான். தொழில் நடத்த அரசின் தயவு தேவைப்பட்டவர்கள் உடனே மாறினார்கள். கம்பளம் வாங்குபவர்களும் கவிதை படிப்பவர்களும் மாறவில்லை. பழைய பெயரோடு சேர்ந்திருந்த இலக்கிய, வரலாற்றுப் பெருமை புதிய பெயருக்கு வந்து சேரவில்லை என்று ஈரானிய அறிஞர்களே வருந்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஈராக்கோடு பெயர்க் குழப்பம் வந்துவிடக் கூடாது என்று சர்ச்சில் தம் அலுவலர்களைப் 'பெர்சியா' என்றே எழுதச் சொன்னார். 1959இல் அடுத்த ஷா இரு பெயர்களையும் பயன்படுத்தலாம் என்று இறங்கிவந்தார். அதாவது, பெயரை மாற்றச் சொல்லும் நாடு பழைய பெயரோடு சேர்ந்திருந்த சொத்தையும் கொஞ்சம் இழக்கிறது.

சயாமின் கதை இதைவிட வெளிப்படையான அரசியல். 1939ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று பிரதமர் பிபுன் சொங்கிராமின் அரசு நாட்டின் பெயர் இனித் தாய்லாந்து என்று ஆணையிட்டது. இனப்பெயரை நாட்டுப்பெயராக்கியதன் மூலம், எல்லைக்கு அப்பால் வாழ்ந்த தாய் இனத்தவரையும் அந்தப் பெயர் தொட்டது. எல்லைக்குள் வாழ்ந்த சீன வணிகர்களை வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு இந்தோசீனாவுடன் எல்லைப் போர் மூண்டதை நினைத்தால், பெயரின் பொருளை அண்டை நாடுகள் சரியாகவே புரிந்துகொண்டிருக்க வேண்டும். 1945இல் போர் முடிந்து நேச நாடுகளின் முன் நிற்க வேண்டி வந்ததும் ஆங்கிலத்தில் மீண்டும் சயாம் ஆகி, 1946இல் அந்தப் பெயரிலேயே ஐக்கிய நாடுகள் அவையில் சேர்ந்து, பிபுன் திரும்பி வந்தபின் 1949இல் மறுபடியும் தாய்லாந்து ஆனது. வெளியே காட்டும் முகத்துக்கு ஏற்ப வெளிப்பெயர் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

எல்லாமே இப்படி நெருப்புப் பறக்கும் விவகாரங்கள் அல்ல. ஐவரி கோஸ்ட் 1985இல் கேட்டது, தன் பெயரை யாரும் மொழிபெயர்க்கக் கூடாது, எல்லா மொழிகளிலும் பிரெஞ்சு வடிவமான 'கோத் திவ்வார்' என்றே வழங்க வேண்டும் என்பது. பெயரின் பொருள் தந்தக் கரை என்பதால் ஒவ்வொரு மொழியும் அதைத் தன் சொற்களில் பெயர்த்துக்கொண்டது. மாநாட்டில் அகர வரிசைப்படி இருக்கை போட்டால், ஆங்கிலத்தில் ஓர் இடம், பிரெஞ்சில் வேறோர் இடம், ஜெர்மனில் மற்றோர் இடம். கேப் வெர்டி 2013இல் 'காபோ வெர்டே' என்று கேட்டதும் இதே வகை. குடியேற்ற ஆட்சியின் மொழியிலேயே தன் பெயரை நிலைநிறுத்தக் கேட்கும் இந்த நாடுகள், 'குடியேற்றப் பெயரை உதறுவதே எல்லாப் பெயர் மாற்றத்துக்கும் காரணம்' என்ற விளக்கத்துக்கு நேர் எதிர்ச்சான்று. ஜார்ஜியா இன்னும் விசித்திரம். தன் மொழியில் அது சகார்த்வேலோ. ஆனால் ரஷ்ய வழியாக வந்த 'குருசியா' என்ற பெயரை வழங்கிய நாடுகளிடம் அது கேட்டது, சகார்த்வேலோ என்று அல்ல, 'ஜார்ஜியா' என்று அழைக்குமாறுதான். 2008இல் ரஷ்யாவோடு நடந்த போருக்குப் பின் இந்தக் கோரிக்கை வலுத்தது, ஜப்பான் 2015இல் மாற்றிக்கொண்டது. ஓர் அயற்பெயரை விட்டு இன்னோர் அயற்பெயருக்குப் போவதில் உள்ள ஒரே செய்தி, யாருடைய வாயால் நாங்கள் அறியப்பட விரும்பவில்லை என்பதுதான்.

நீங்கள் குறிப்பிட்ட இரு நாடுகளுக்கு வருகிறேன். துருக்கியில் 2021 டிசம்பரில் குடியரசுத் தலைவர் எர்துவானின் சுற்றறிக்கை, 'துர்க்கியே' என்ற வடிவமே தம் மக்களின் பண்பாட்டையும் நாகரிகத்தையும் சரியாக வெளிப்படுத்துகிறது என்று கூறி, ஏற்றுமதிப் பொருள்களிலும் அதையே பொறிக்கச் சொன்னது. ஆங்கிலத்தில் பழைய பெயர் வான்கோழியையும் குறிக்கிறது என்பது பலரும் சொல்லும் காரணம். அந்தச் சங்கடம் உண்மைதான், ஆனால் அது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது, பல நூற்றாண்டுப் பழமையானதும்கூட. 2021இல்தான் அது பொறுக்க முடியாததாயிற்று என்று நம்புவது கடினம். அந்த மாதங்களில் துருக்கி நாணயமான லிராவின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது, 2023இல் தேர்தல் காத்திருந்தது என்பதைச் சுட்டி, கவனத்தைத் திருப்பும் முயற்சி என்றார்கள் எதிர்ப்பாளர்கள். இது ஊகம், நியாயமான ஊகம் என்பது என் கருத்து. ஸ்வாசிலாந்தில் 2018 ஏப்ரல் 19 அன்று மூன்றாம் முஸ்வாட்டி மன்னர், விடுதலையின் 50ஆம் ஆண்டும் தம் 50ஆம் பிறந்தநாளும் சேர்ந்த விழாவில், நாடு இனி 'எஸ்வாத்தினி' என்றார். வெளிநாடுகளில் சுவிட்சர்லாந்தோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. முழு அதிகாரம் கொண்ட மன்னர் என்பதால் அங்கே வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

இனி நடைமுறை. ஐக்கிய நாடுகள் அவை யாருக்கும் பெயர் வைப்பதில்லை, அனுமதி தருவதும் இல்லை. உறுப்பு நாடு பொதுச் செயலாளருக்குக் கடிதம் எழுதுகிறது, அவ்வளவுதான். துர்க்கியேயின் வெளியுறவு அமைச்சர் எழுதிய கடிதம் 2022 ஜூன் 1 அன்று வந்தது, கைக்கு வந்த கணத்திலிருந்தே மாற்றம் நடைமுறைக்கு வந்தது என்று அவையின் பேச்சாளர் அறிவித்தார். அதன்பின் அவையின் கலைச்சொல் தரவுத்தளத்தில் முழுப்பெயரும் குறும்பெயரும் ஆறு அலுவல் மொழிகளில் திருத்தப்படுகின்றன. அதைப் பார்த்துத்தான் நாட்டுக் குறியீடுகளைப் பேணும் பன்னாட்டுத் தர அமைப்பு தன் பட்டியலைத் திருத்துகிறது. அதிலிருந்து வங்கிகள், விமான நிறுவனங்கள், மென்பொருள்கள், எங்களைப் போன்ற பதிப்பாளர்கள். பட்டியலில் வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு நுட்பம் தெரியும்: பெயர் மாறினாலும் குறியீடு மாறியாக வேண்டியதில்லை. எஸ்வாத்தினியின் இணைய முகவரிகள் இன்றும் 'எஸ்-இசட்' என்ற பழைய ஈரெழுத்தில்தான் முடிகின்றன. துர்க்கியேக்கும் அந்த இரண்டு எழுத்துகள் மாறவில்லை. பர்மா மியான்மர் ஆனபோதோ 'பி-யு' என்பது 'எம்-எம்' ஆக மாறியது. பெயர் மாற்றத்தில் செலவு பிடிப்பது அறிவிப்பு அல்ல, இதைப் போன்ற கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான்.

கடிதம் ஒன்று போதும் என்ற இந்த எளிமைக்குப் பெரிய விதிவிலக்கு மாசிடோனியா. 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த அந்த நாட்டின் பெயரை, தன் வடபகுதியும் மாசிடோனியாவே, அலெக்சாந்தரின் மரபு தன்னுடையதே என்று கிரேக்கம் எதிர்த்தது. 1993இல் அவைக்குள் சேர்க்கப்பட்டபோது 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகச் சுட்டுப்பெயர்தான் கிடைத்தது. இருக்கை எங்கே என்பதிலும் சிக்கல்: 'மாசிடோனியா' என்று எம் எழுத்தில் உட்கார வைத்தால் கிரேக்கம் ஏற்காது, 'முன்னாள்' என்று எஃப் எழுத்தில் உட்கார வைத்தால் அந்த நாடு ஏற்காது. கடைசியில் ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லின் முதலெழுத்தை வைத்து, டி வரிசையில், தாய்லாந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கால் நூற்றாண்டு அப்படியே போயிற்று. 2008இல் நேட்டோவில் சேர்வதைக் கிரேக்கம் தடுத்தது. அது தவறு என்று 2011இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தும் வாசல் திறக்கவில்லை.

2018 ஜூனில் இரு நாடுகளுக்கும் இடையே கையெழுத்தான பிரெஸ்பா ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்கப் பரிந்துரைப்பேன். ஒரு பெயருக்குள் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பது அதில் தெரியும். நாடு 'வட மாசிடோனியா'. குடியுரிமை 'மாசிடோனியர் / வட மாசிடோனியக் குடியரசின் குடிமகன்'. மொழி 'மாசிடோனிய மொழி'யாகவே இருக்கும், ஆனால் அது தென்ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற குறிப்போடு. நாட்டுக் குறியீடுகள் பழையபடியே தொடரும், வாகனப் பலகைகளில் மட்டும் மாறும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, புதிய பெயரை வெளியே மட்டுமின்றி உள்நாட்டிலும் வழங்க வேண்டும் என்று கிரேக்கம் பிடித்த பிடிவாதம். பிற நாடுகள் உள்ளூர்ப் பெயரை வெளியே கொண்டுபோகின்றன. இங்கே வெளியே பேரம் பேசி முடிந்த பெயர் வீட்டுக்குள் வந்தது. மக்களுக்கு அதில் இருந்த கசப்பு, 2018 செப்டம்பர் பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினரே வாக்களித்ததில் தெரிந்தது. நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தி 2019 பிப்ரவரியில் பெயரை நடைமுறைப்படுத்த, 2020 மார்ச்சில் நேட்டோவின் கதவு திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கதவை அடுத்து பல்கேரியா வேறொரு வரலாற்றுப் பிணக்கை எழுப்பித் தடுத்தது. 2024 மே மாதம் பதவியேற்பு விழாவில் புதிய குடியரசுத் தலைவர் 'மாசிடோனியா' என்று மட்டும் சொன்னபோது, கிரேக்கத் தூதர் எழுந்து வெளியேறினார்.

பிறர் கேட்டபடி அழைத்தே ஆக வேண்டுமா என்றால், அவைக்குள் ஆம். வெளியே கட்டாயம் ஏதுமில்லை. 1989இல் பர்மாவின் இராணுவ ஆட்சி ஆங்கிலத்தில் 'மியான்மர்' என்று மாற்றியபோது ஐக்கிய நாடுகள் அவை ஏற்றது, அமெரிக்கா ஏற்கவில்லை. அதன் அரசுக் கொள்கையில் இன்றும் 'பர்மா'தான். அந்த மொழியில் இரண்டும் ஒரே பெயரின் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் போன்றவை, தமிழருக்கு இது புதிதன்று. ஆகவே எதிர்ப்பு சொல்லைப் பற்றியதே அன்று. முந்தைய ஆண்டு தெருவில் மக்களைச் சுட்ட ஒரு குழுவுக்கு, யாரையும் கேட்காமல் பெயர் மாற்றும் உரிமை உண்டா என்பதைப் பற்றியது. இராணுவ ஆட்சியை எதிர்த்த தலைவர் ஆங் சான் சூச்சி நெடுங்காலம் 'பர்மா' என்றே சொல்லி, ஆட்சிக்கு வந்தபின் 2016இல் தூதர்களிடம் எதையும் சொல்லலாம் என்றார். அங்குள்ள சிறுபான்மை இனத்தவரில் பலருக்கோ இரண்டுமே பெரும்பான்மை இனத்தின் பெயர்கள்தாம். இலங்கையிலும் இதன் சாயல் உண்டு. 1972 மே 22 அன்று 'சிலோன்' ஆங்கிலத்தில் 'ஸ்ரீ லங்கா' ஆனது. தமிழில் முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை. ஆனால் 'ஸ்ரீ' என்பது 1950களில் வாகன எண் பலகைகளில் அதன் சிங்கள எழுத்தைப் பொறிக்கச் சொன்னதால் எழுந்த சண்டையில் அடிபட்ட எழுத்து என்பதால், அங்குள்ள தமிழர் பலருக்கு அந்த முன்னொட்டு வெறும் மரியாதைச் சொல்லாகக் கேட்கவில்லை. தேயிலை மட்டும் இன்றுவரை சிலோன் தேயிலையாகவே விற்கிறது. அந்தப் பெயருக்குச் சந்தையில் விலை இருப்பதால் அரசின் தேயிலைச் சபையே அதைக் காத்து வருகிறது.

இந்தியாவைப் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு, மேலே சொன்னவற்றை வைத்துப் பார்த்தால், நடைமுறை எளிது, உள்நாட்டு நிலைமைதான் சிக்கல். அரசமைப்பின் முதல் கூறே 'இந்தியா, அதாவது பாரதம்' என்று இரு பெயர்களையும் தாங்குகிறது. கடவுச்சீட்டின் அட்டையில் இந்தியில் 'பாரத் கணராஜ்ய' என்றும் ஆங்கிலத்தில் 'ரிபப்ளிக் ஆஃப் இந்தியா' என்றும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன. 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டு விருந்து அழைப்பிதழ் ஆங்கிலத்தில் 'பாரத்தின் குடியரசுத் தலைவர்' என்று வந்தது பேச்சைக் கிளப்பியதே தவிர, பெயரை மாற்றுமாறு ஐக்கிய நாடுகள் அவைக்குக் கோரிக்கை எதுவும் போகவில்லை. அப்படி ஒரு கடிதம் போனால், துர்க்கியேயின் கடிதத்தைப் போலவே அதுவும் பதிவாகும். அங்கே யாரும் வாக்கெடுக்கப் போவதில்லை. அரசமைப்பைத் திருத்தாமல் வெளிப்பயன்பாட்டில் மட்டும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க அரசுக்கு உரிமை உண்டா, அதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பவை அரசமைப்புச் சட்டம் அறிந்தவர் சொல்ல வேண்டியவை.